படப்பிடிப்புத் தொழிலிற் புகுதல்

தேர்வு முடிந்தபின் எத்தொழிலிற் புகுவது என்னும் வினா எம் விடுதியில் இரவுதோறும் எழுவதுண்டு. ஆசிரியத் தொழில் என்பார் பலர். அரசாங்க உத்தியோகம் என்பார் அவரினும் பலர். சினிமா என்பார் சிலரே. அச்சிலருள் யாமும் உள்ளோம். நடிக்கும் ஆசை எமக்கில்லை. முகம் பார்க்கும் கண்ணாடி அதனை முன்னரே தீர்த்துவிட்டது. காமிராவின் பின்னே நின்று வேலைசெய்யவே விழைகின்றோம். "ஆனர்ஸ் படித்துவிட்டுப் பலகை தட்டுவதா?" என்று வீட்டார் வினவினர். அதற்கு விடை தேடியபோது அறிந்தவற்றை ஈண்டு எழுதுகின்றோம்.

பலகை தட்டுதலையே முதற்கண் நோக்குவோம். நேரடி ஒலிப்பதிவில் படமும் ஒலியும் வெவ்வேறு கருவிகளிற் பதிவாகும். பின்னர் அவற்றைப் பொருத்த ஓர் அடையாளம் வேண்டும். காட்சி எண், ஷாட் எண், எத்தனையாவது முறை என்பவற்றை எழுதிய பலகையைக் காமிராவின் முன் பிடித்து, எண்களை உரக்கக் கூறி, மேற்கட்டையைத் தட்டுவர். நொடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. கட்டைகள் சேர்ந்த அவ்வொரு படத்தோடு தட்டிய ஓசையைப் பொருத்தினால் நடிகரின் உதடும் சொல்லும் ஒன்றுபடும். எண் பிழைபட்டால் படத்தொகுப்பாளர் எண்ணிறந்த துண்டுகளிடையே அலைய நேரும்.

காமிரா உதவியாளர் பணி இதனினும் நுண்ணியது. நடிகர் வாயிலினின்று மேசைவரை நடந்து வருகின்றார் என்க. வாயிலில் அவர் முகம் காமிராவுக்கு 15 அடித் தொலைவில் உளது. மேசையருகே 6 அடி. இவ்விரண்டையும் நாடாவால் முன்னரே அளந்து, தரையில் அடையாளம் ஒட்டி, அவர் நடைக்கேற்ப லென்சின் வளையத்தைத் திருப்புதல் வேண்டும். ஒளி குறைந்தவிடத்து லென்சின் துளையை அகலத் திறப்பர். அப்போது தெளிவாய்த் தோன்றும் ஆழம் சில விரற்கடையே. முகம் மங்கினால் எத்துணைச் சிறந்த நடிப்பும் வீணாம். படச்சுருள் வழங்கிய காலத்தில் சுருளைக் கழுவிப் பார்த்த பின்னரே இப்பிழை வெளிப்படும். அதற்குள் அரங்கைப் பிரித்திருப்பினும் வியப்பில்லை.

இவற்றை எங்ஙனம் கற்பது? தரமணியில் அரசாங்கத் திரைப்படக் கல்லூரி உளது, ஒளிப்பதிவாளர் பி.சி. ஸ்ரீராம் அதன் மாணாக்கரே. புனேயில் 1960-ல் தோன்றிய நிறுவனமும் உண்டு. மற்றொரு வழி குருவையடைந்து கற்றல். இதுவே பழைய வழி. 1910களில் கீசகவதம் என்னும் மௌனப்படத்தை எடுத்த நடராஜ முதலியார் மோட்டார் உதிரிப்பொருள் வணிகர். புனேயில் ஸ்டூவர்ட் ஸ்மித் என்னும் ஆங்கிலேயரிடம் காமிராத் தொழில் கற்றார். எம்போன்றோர்க்கு ஊக்கந்தருவது வெற்றிமாறனின் வரலாறு. அவர் லயோலா கல்லூரியில் ஆங்கில இலக்கியம் பயின்று, பாலு மகேந்திராவிடம் உதவியாளராய்ச் சேர்ந்தவர். சிறுகதைகளைப் படித்துச் சுருக்கி எழுதித் தருவது அங்கு அவர்க்கு வாய்த்த வேலைகளுள் ஒன்று. அவர் இயக்கிய முதற்படம் 2007-ல் வெளிவந்தது. இலக்கியக் கல்வி படப்பிடிப்பில் பயன்படாது என்பாரோடு யாம் உடன்படோம்.

ஆயினும் இன்னலை மறைத்தல் நேர்மையன்று. தொடக்கத்தில் ஊதியம் சிறிது. படம் முடிந்தால் வேலையும் முடியும். தொழிற்சங்க உறுப்பினராகாதார்க்குப் பெரும்படங்களில் இடம் அரிது. விடியுமுன் தொடங்கி நள்ளிரவில் முடியும் நாள்களும் உள. உயிருக்கு இடரும் உண்டு: 2020 பிப்ரவரி 19-ஆம் நாள் சென்னையை அடுத்த படப்பிடிப்புத் தளமொன்றில் பாரந்தூக்கி சாய்ந்து மூவர் இறந்தனர். அவருள் ஒருவர் உதவி இயக்குநர். ஆதலின் தளத்திற் கால்வைக்கும் புதியவர், தலைக்குமேல் தொங்குவது யாது, அதனைக் கட்டியவர் யாவர் என வினவ நாணுதலாகாது என்பது எம் துணிபு.

வீட்டார் இன்னும் இசையவில்லை. எனினும் கோடை விடுமுறையிற் பழைய மாணவர் ஒருவர் எடுக்கும் குறும்படத்திற்கு எம்முள் இருவரை அழைத்துள்ளார். ஒருவர் பலகை தட்டுவர். மற்றவர் நாடா பிடிப்பர்.