நீர்க்கடுப்பும் வயற்சேறும்

புதுக்கோட்டையிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் அமைந்தது குடுமியான்மலை. குன்றின் பாறையிலே பண்டை இசைக் கல்வெட்டு ஒன்று பொறிக்கப்பெற்றுள்ளமையால், இவ்வூரின் பெயர் இசைவாணர் நாவில் நிலைபெற்றது. ஆயினும் சுற்றுப்புறத்து மக்களுக்குச் சோறளிப்பது உழவே. மழை பெய்து கண்மாய் நிறையுமாயின், பரம்படிப்போரும் நாற்று நடுவோரும் வரப்பு வெட்டுவோரும் வெறுங்காலினராய் நாள்முழுதும் சேற்றில் நிற்பர். விரலிடுக்கில் உண்டாகும் சேற்றுப்புண்ணை உழவர் ஒரு நோயாகவே எண்ணுவதில்லை.

நீர்க்கடுப்பையும் அவ்வாறே எளிதாகக் கொள்வர். ‘வெயிலில் நின்ற உடம்பு, சூடு பிடித்துக்கொண்டது’ என்று கூறி, இளநீரும் நீர்மோரும் பருகுவர், நெருஞ்சிமுள்ளைக் காய்ச்சிக் குடிப்பாரும் உளர். போதிய நீர் பருகாமையால் வரும் எரிச்சல் இவற்றால் தணிதல் உண்டு. ஆனால் எரிச்சலோடு காய்ச்சலும் குளிர்நடுக்கமும் தோன்றுமேல், அது கிருமியின் செயலோ என்று ஐயுறுதல் வேண்டும்.

சிறுநீர்த் தடத்தைப் பற்றும் கிருமிகளுள் தலையாயது ஈ. கோலை என்பது. 1885ஆம் ஆண்டில் தியோடர் எஷெரிக் என்னும் மருத்துவர் இதனைக் கண்டு விளக்கினார். குடலில் பெரும்பாலும் தீங்கின்றி வாழும் இக்கிருமி, இடம்மாறிச் சிறுநீர்த் தடத்தை அடையின் நோய் செய்யும். நோயாளருள் பெரும்பாலோர்க்கு இதுவே காரணம். எஞ்சியோர்க்கோ காரணங்கள் பலவாம். புரோட்டியஸ் என்னும் கிருமி யூரியாவைச் சிதைத்து அம்மோனியாவாக்கிக் கல்லடைப்பை விளைக்கும். காசநோய்க் கிருமி சிறுநீரகத்தைப் பற்றினால், சிறுநீரில் சீழணுக்கள் காணப்படும். ஆய்வுக்கூடத்து வளர்ப்புத் தட்டிலோ ஒன்றும் முளையாது. வழக்கமான ஆய்வு ஓரிரு நாளில் முடிவது. இக்கிருமியோ வளர்வதற்குப் பல வாரங்கள் வேண்டுவது. ‘கிருமி இல்லை’ என்னும் ஆய்வுச் சீட்டைக் கண்டு நோயே இல்லையெனத் துணிந்தவர், தம் சிறுநீரகத்தையே இழத்தலும் கூடும்.

இவற்றினும் கண்டறிதற்கு அரியது, வயல் மண்ணிலேயே வாழும் கிருமி ஒன்று. பர்க்கோல்டீரியா சூடோமல்லை என்பது அதன் பெயர். அது விளைக்கும் நோய் மெலியாய்டோசிஸ் எனப்படும்.

இந்நோயின் வரலாறு இரங்கூன் நகரில் தொடங்குகின்றது. 1911ஆம் ஆண்டில் ஆங்கே ஆல்பிரட் விட்மோர் என்னும் மருத்துவரும், அவருக்குத் துணையாயிருந்த சி. எஸ். கிருஷ்ணசாமியும், இறந்தோர் உடல்களை ஆய்ந்தபோது உறுப்புக்கள் பலவற்றில் சீழ்க்கட்டிகள் இருக்கக் கண்டனர். இறந்தோருள் பலர் மார்பியா ஊசிக்கு அடிமைப்பட்ட வறியோர். குதிரைகளைப் பற்றும் கிளாண்டர்ஸ் நோயை இது ஒத்திருந்தது. ஆனால் அந்நோய்க் கிருமி தானே நகரும் இயல்பற்றது; இதுவோ நகர்ந்தது; தட்டில் விரைந்தும் வளர்ந்தது. ஆகவே இது வேறொரு நோய் எனத் தெளிந்து, 1912இல் எழுதி வெளியிட்டனர். பிற்காலத்தார் இதனை ‘விட்மோர் நோய்’ என்று வழங்கினர். உடனுழைத்த கிருஷ்ணசாமியின் பெயரையும் சேர்த்து வழங்கியிருப்பின் முறையாயிருக்கும்.

மண்ணிலும் சேற்றுநீரிலும் வாழும் இக்கிருமி, காலிலுள்ள புண்ணின் வழியாகவோ, மூச்சின் வழியாகவோ, குடிநீரின் வழியாகவோ உடலுட் புகும். குருதியோடு சென்று நுரையீரல், கல்லீரல், மண்ணீரல் ஆகியவற்றில் தங்கும். ஆடவர்க்குச் சிறுநீர்ப்பையின் கழுத்தைச் சூழ்ந்துள்ள புராஸ்டேட் சுரப்பியிலும் சீழ்க்கட்டியை உண்டாக்கும். வட ஆஸ்திரேலியாவில் இந்நோயுற்ற ஆடவருள் ஏறத்தாழ ஐவரில் ஒருவர்க்கு இக்கட்டி காணப்பட்டது. காய்ச்சல், கடுப்பு, நீரடைப்பு என்பனவே அதன் குறிகள். இவை வழக்கமான நோய்க்கும் உரியனவாதலின், வேறுபாடு புலப்படுவதில்லை. நீரிழிவு உடையாரையே இக்கிருமி மிகுதியாகப் பற்றுகின்றது. மழைக்காலத்தில் நோய் பெருகுகின்றது. தமிழ்நாட்டு நோயாளர் பலரை வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியார் கண்டறிந்து எழுதியுள்ளனர்.

ஆய்வுக்கூடத்திலும் இடர் உண்டு. தட்டில் வளர்ந்த இக்கிருமியைச் சூடோமோனாஸ் என்னும் வேறொன்றாகவோ, தற்செயலாக வந்து வீழ்ந்த மாசாகவோ கருதி ஒதுக்குதல் எளிது. சிறுநீர் நோய்க்குப் பலகாலும் இடப்பெறும் ஜென்டாமைசின் இதற்குப் பெரும்பாலும் பயன்படாது. பயன்படா மருந்தில் நாள்கள் கழியக் குருதி நஞ்சாகும். உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 1,65,000 பேர் இந்நோயுற்று, அவருள் 89,000 பேர் இறக்கின்றனர் என 2016இல் அறிஞர் மதிப்பிட்டனர். இத்துணைப் பெரிய நோயை ‘அரிய நோய்’ என்றல் எங்ஙனம் பொருந்தும்? காணப்படாமையால் அரிதாயிற்று போலும்!

கடுப்பும் காய்ச்சலும் உற்ற உழவர், தாம் சேற்றில் உழைத்ததையும், காலிற் புண் இருந்ததையும், நீரிழிவு உண்மையையும் மருத்துவரிடம் கூறுவாராயின், ஆய்வாளர்க்கு அது நற்குறிப்பாகும். நோய் இன்னதெனத் தெளிந்தபின் மருந்து இல்லாமல் இல்லை. செப்டாசிடிம் அல்லது மெரோபெனம் என்னும் மருந்தை இரண்டு வாரமேனும் ஊசிவழிச் செலுத்துவர். கட்டி பெரிதாயின் சீழை வடிப்பர். அதன்பின் கோ-டிரைமாக்சசோல் மாத்திரையை மூன்று திங்களுக்குக் குறையாமல் உண்ணல் வேண்டும். காய்ச்சல் நீங்கிற்று என்று இடையிலே நிறுத்தினார்க்கு, நோய் பல திங்கள் கழித்தும் மீண்டு வருதல் உண்டு.