ஹார்டு டிஸ்க் செத்துப் போச்சா?

எங்க சித்தப்பாவின் எம்பிராய்டரி மெஷினுக்கு விண்டோஸ் எக்ஸ்பிதான் வேணும். அதை மறுபடி போடும்போது ‘ஹார்டு டிஸ்க் இல்லை’ என்று வந்தது. புதுசு வாங்கணுமாம். காசுக்கு எங்கே போவார்?

டிஸ்க் நன்றாகத்தான் இருந்தது. எக்ஸ்பி வந்தது 2001-இல். பிறகு வந்த ஏஹெச்சிஐ வகை சாட்டா கன்ட்ரோலரோடு பேச அந்தச் சிடியில் டிரைவர் கிடையாது. டிரைவர் என்றால் அந்தப் பாகத்தை இயக்கத் தெரிந்த சின்ன புரோகிராம். எஃப்6 அழுத்தினால் அதை ஃபிளாப்பியில் கேட்கும். ஃபிளாப்பி யாரிடம் இருக்கு!

அதனால் வேறொரு கம்ப்யூட்டரில் சிடியைக் காப்பி செய்து, என்லைட் புரோகிராமில் அந்தக் கன்ட்ரோலரின் டிரைவரைச் சேர்த்து, ஐஎஸ்ஓ ஆக்கிப் புது சிடியில் எழுதினோம். சேர்க்கும்போது ‘டெக்ஸ்ட் மோடு’ தேர்ந்தெடுக்கணும். இல்லாவிட்டால் நீலத்திரையில் டிஸ்க் தெரியாது. முதல் சிடி என்னால் அப்படித்தான் வீணாச்சு.

இரண்டாவதில் தெரிந்தது. சித்தப்பா திரையைத் தொட்டே பார்த்தார்.