சிட்டிகைக் கணக்கு ஒயினுக்கு ஆகாது

கோலாலம்பூர் செலாயாங் மொத்தச் சந்தையில் இறக்குமதித் திராட்சையைப் பெட்டியோடு வாங்கினால், பழத்தின் மேல் ஒரு தாள் கிடக்கும். ஈரம் உறிஞ்சும் காகிதம் என்று நினைத்துப் பலர் கசக்கி எறிந்துவிடுகிறார்கள். அந்தத் தாளுக்குள் இருப்பது சோடியம் மெட்டாபைசல்பைட். பெட்டிக்குள் ஈரம் சேரச் சேர, அது கந்தக டைஆக்சைடை மெல்ல வெளியே விடும். கடல் கடந்து வரும் பழத்தில் பூஞ்சணம் பிடிக்காமல் இருப்பது அதனால்தான். பாயசத்துக்கு வாங்கும் பொன்னிற உலர்திராட்சை கறுக்காமல் இருப்பதற்கும் இதே வாயுதான் காரணம்.

வீட்டு ஒயினில் சல்பைட் என்றதும் முகம் சுளிப்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். பிரிக்பீல்ட்ஸ் பாத்திமா மாதா கோயிலில் பூசை முடிந்து நிற்கும்போது ஓர் அம்மா கேட்டார்: “ஏன் தம்பி, மருந்து போட்டுத்தான் ஒயின் செய்யணுமா? எங்கம்மா ஜாடியில கோதுமையும் பட்டையும் போட்டு மூடி வைப்பாங்க. அது என்ன கெட்டா போச்சு?”

“கெடலை ஆன்ட்டி. ஆனா புதுவருசத்துக்குள்ள நீங்க எல்லாரும் குடிச்சு முடிச்சிட்டீங்களே!”

சிரித்துவிட்டார். ஆனால் உண்மை அதுதான். கிறிஸ்துமஸுக்குத் திறந்து ஒரு மாதத்தில் தீர்ந்துவிடும் ஒயினுக்கு, குளிர்பெட்டியில் இடமும் இருந்தால், சல்பைட் தேவையே இல்லை. ஈஸ்டர் வரைக்கும் நிற்க வேண்டும் என்றால்தான் பேச்சு. கிள்ளானில் பகலில் 32 பாகையைத் தொடும் வெயிலில், காற்றுப் பட்ட ஒயினைக் காடியாக்கும் பாக்டீரியா வெகு வேகமாக வேலை செய்யும். சல்பைட் அந்த பாக்டீரியாவை அடக்குகிறது. பழத்தோலோடு வரும் காட்டு ஈஸ்டைத் தட்டி வைக்கிறது. காற்றால் நிறமும் மணமும் மங்காமல் பார்த்துக்கொள்கிறது. அழுக்கு ஜாடியைச் சுத்தம் செய்யும் வேலையை மட்டும் அதனிடம் கொடுக்காதீர்கள். ஊறுகாய் போட்ட ஜாடி எத்தனை கழுவினாலும் ஊறுகாய் ஜாடிதான்.

எல்லாரும் சறுக்கும் இடம் அளவு. சமையலில் நம் கைக்கணக்கு பெரும்பாலும் பொய்க்காது. இங்கே பொய்க்கும். ஒயினுக்குப் போடும் பொட்டாசியம் மெட்டாபைசல்பைட்டில் எடைக்கு 57 விழுக்காடு கந்தக டைஆக்சைடு. ஒரு தேக்கரண்டித் தூள் 5 கிராமுக்குக் குறையாது. அதை 5 லிட்டர் ஜாடியில் கொட்டினால் 500 பிபிஎம் தாண்டிவிடும். இனிப்பில்லாத சிவப்பு ஒயினுக்கு ஐரோப்பிய ஒன்றியம் விதித்திருக்கும் உச்ச வரம்பு லிட்டருக்கு 150 மில்லிகிராம்தான், அதாவது 150 பிபிஎம். தெரிந்தவர் ஒருவர் “ஒரு கை” போட்ட ஜாடியைத் திறந்தபோது, தீக்குச்சி உரசிய நெடி மூக்கில் ஏறி எங்கள் எல்லாருக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

சமையலறைத் தராசு அரை கிராமைக் காட்டாது. நான் செய்வது இப்படி: நகை எடை போடும் சிறிய மின் தராசில் 10 கிராம் தூளை நிறுத்து, காய்ச்சி ஆறிய தண்ணீரில் கரைத்து, மொத்தம் 100 மில்லிலிட்டராக்கிக்கொள்வேன். இதில் 1 மில்லிலிட்டருக்கு 57 மில்லிகிராம் கந்தக டைஆக்சைடு. 5 லிட்டருக்கு 50 பிபிஎம் வேண்டுமானால் 4.4 மில்லிலிட்டர். மருந்துக் கடையில் வாங்கும் ஊசியில்லாத சிரிஞ்சால் எடுத்து விட்டால் போதும். காம்ப்டன் என்னும் சல்பைட் மாத்திரை கிடைத்தால் இன்னும் சுலபம். ஒரு மாத்திரை 0.44 கிராம், 5 லிட்டருக்கு ஒன்று. கரைக்கும்போது சன்னலைத் திறந்து வையுங்கள். ஆஸ்துமா உள்ளவர் இந்த வேலையைத் தொடவே வேண்டாம்.

பழத்தை நசுக்கியதும் இந்த 50 பிபிஎம். வாயை மெல்லிய துணியால் மூடி, 24 மணி நேரம் கழித்து ஈஸ்ட். ரொட்டி ஈஸ்டை விட்டுவிட்டு, லால்வின் ஈசி-1118 போன்ற ஒயின் ஈஸ்டைப் போடுங்கள். பொங்கி நுரைக்கும் நாட்களில் சல்பைட் பக்கமே போகக் கூடாது. கசண்டு படிந்து, தெளிந்ததை வேறு ஜாடிக்கு மாற்றும்போது ஒரு முறை, சீசாவில் அடைக்கும்போது ஒரு முறை.

அந்த இரண்டு முறையும் எவ்வளவு என்பதைப் புளிப்புதான் முடிவு செய்யும். வெள்ளை ஒயினில் பிஎச் 3.2 என்றால் கட்டுப்படாமல் நிற்க வேண்டிய கந்தக டைஆக்சைடு ஏறக்குறைய 20 பிபிஎம். 3.5 என்றால் 40. 3.8 என்றால் 80. சிவப்புக்கு இதைவிடக் குறைவு போதும். போட்டதில் ஒரு பங்கு சர்க்கரையோடும் நிறத்தோடும் ஒட்டிக்கொள்ளும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நமக்குக் கிடைப்பதோ ஒயினுக்கென்று வளர்த்த பழமல்ல, தின்னும் பழம். இனிப்பு தூக்கலாக, புளிப்பு மட்டாக இருக்கும். அதற்காக சல்பைட்டைக் கூட்டிக்கொண்டே போவது கெட்டிக்காரத்தனம் இல்லை. ஆரம்பத்திலேயே டார்டாரிக் அமிலம் சேர்த்து 3.5க்குக் கொண்டுவந்துவிட்டால் பாதி மருந்தில் காரியம் முடியும்.

இன்னொன்று, நம் வீடுகளுக்கென்றே சொல்ல வேண்டியது. நமக்கு ஒயின் இனிக்க வேண்டும். கடைசியில் சர்க்கரைப் பாகு ஊற்றி, சல்பைட் போட்டாயிற்று என்ற தைரியத்தில் இறுக மூடிவிடுகிறார்கள். ஒயின் ஈஸ்டை சல்பைட் மட்டும் தடுக்காது. மிச்சமிருக்கும் ஈஸ்ட் அந்தச் சர்க்கரையைத் தின்று மறுபடி நொதித்தால் சீசா வெடிக்கும். இனிப்பு வேண்டுமென்றால், நன்றாகத் தெளிந்த பிறகு லிட்டருக்கு 0.2 கிராம் பொட்டாசியம் சார்பேட்டும் சல்பைட்டோடு சேர வேண்டும். சார்பேட்டைத் தனியாகப் போட்டால், லாக்டிக் பாக்டீரியா அதை மாற்றி ஜெரேனியம் இலை வாடையை உண்டாக்கிவிடும். அந்த ஒயினை எதுவும் காப்பாற்றாது. இத்தனை தொல்லை எதற்கு என்பவர்கள், இனிப்பில்லாமல் அடைத்துவிட்டு, பரிமாறும் அன்று பாகு கலக்கலாம். என் வீட்டில் அதுதான் வழக்கம்.

தூளை நம் ஊர் ஈரக் காற்றில் திறந்து வைத்தால் கட்டி தட்டி வீரியம் போய்விடும். எவர்சில்வர் டப்பா வேண்டாம், அரிக்கும். இறுக மூடும் கண்ணாடிக் குப்பியில் வாங்கிய தேதியை ஒட்டி வையுங்கள். ஒரு வருடம் ஆனால் புதிது வாங்குங்கள்.

வீட்டு மது என்றதும் பயப்படுபவர்களுக்கு ஒரு வார்த்தை: 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் பல உயிர்களைக் குடித்தது போலி மதுவில் கலந்திருந்த மெத்தனால். அதற்கும் சல்பைட்டுக்கும் சம்பந்தமில்லை. ஆனால் மது தயாரிப்பதும் விற்பதும் 1976ஆம் ஆண்டுக் கலால் சட்டத்தின்படி உரிமம் சார்ந்த விஷயங்கள். ஜாடி எடுக்கும் முன் சுங்கத் துறையிடம் விசாரித்துக்கொள்ளுங்கள்; விற்கிற எண்ணம் வேண்டவே வேண்டாம்.

சீசாவில் ‘சல்பைட் சேர்த்தது’ என்று எழுதி ஒட்டுங்கள். அமெரிக்காவில் 10 பிபிஎம் தொட்டாலே 1987 முதல் இதை எழுதியாக வேண்டும். ஆஸ்துமாக்காரருக்கு மூச்சிரைப்பை சல்பைட் கிளப்பிவிடலாம். ஆகவே விருந்தாளிக்கு ஊற்றும் முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.