போஞ்சிக் கன்று வாடினால் தண்டைக் கீறிப் பாருங்கள்



லயத்துக்குப் பின்னால் போஞ்சி போட்ட ஒரு அக்கா, போன போகத்தில் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். "ஐயா, ரெண்டு நேரமும் தண்ணி ஊத்துறேன், அப்படியும் கன்னு மஞ்சளாகிச் சாயுது." முளைத்து 15 நாள்கூட ஆகாத கன்றுகள். பாதிக்கு மேல் போய்விட்டது. ஒன்றைப் பிடுங்கி அடித்தண்டை நகத்தால் கீறினேன். தோலுக்கடியில் தவிட்டு நிறத்தில் சின்னக் கூடுகள் நாலைந்து இருந்தன.

இது போஞ்சி ஈயின் வேலை. கறுப்பாக மினுங்கும், எள்ளைவிடச் சிறிய ஈ. முதல் இலை விரிந்ததுமே அதில் குத்தி முட்டையிடும். இலையில் வெளிறிய புள்ளிகள் தெரியும். புழு காம்பு வழியே தண்டுக்குள் இறங்கி, மண்மட்டத்தில் கூடாகும். அந்த இடத்தில் தண்டு வீங்கி வெடிக்கும். வேரிலிருந்து மேலே எதுவும் ஏறாது. அப்புறம் எத்தனை வாளி ஊற்றி என்ன? உலர் வலயத்தில் சோயா, கௌபி, பயறு போடுகிறவர்களுக்கும் இதே ஈயால் தொல்லைதான்.

முதல் மூன்று கிழமைதான் கண்டம். கொழுந்துக்குப் போகுமுன் பாத்தியை ஒரு தடவை பாருங்கள். செத்த கன்றைப் பிடுங்கிப் பாத்தி ஓரத்தில் போடாதீர்கள். நம்மில் பலர் அப்படித்தான் செய்கிறோம். கூட்டுக்குள் இருப்பது ஈயாகி அடுத்த கன்றுக்குப் போகும். எரித்துவிடுங்கள். லேசாக வாடிய கன்றென்றால், அடியில் ஈர மண்ணை இரண்டு மூன்று அங்குலம் அணைத்து, காய்ந்த மானாப்புல்லைப் பரப்புங்கள். புண்ணுக்கு மேலே புதுவேர் விட்டால் தப்பிவிடும். அக்காவுக்கு அப்படி முப்பது கன்று மிஞ்சியது.

காய் முடிந்த பழைய கொடியையும் பிடுங்கிவிட வேண்டும். அதன் பக்கத்திலேயே புதுப் போஞ்சி ஊன்றினால் ஈக்கு விருந்து. அந்த இடத்தில் லீக்ஸ், கரட் போடலாம்; இந்த ஈ அவற்றைத் தொடாது.

இனி மருந்து. தண்டுக்குள் கூடாகிவிட்டதை, வாடிய பிறகு அடிக்கும் மருந்து எட்டாது. தேயிலைக்கு வந்த மருந்தில் மிச்சத்தைச் சோடாப் போத்தலில் கொண்டுவந்து அடுப்படியில் வைக்கிற பழக்கம் இன்னும் இருக்கிறது. இரண்டு காம்பராவில் நானே பார்த்தேன். ஒன்று பிள்ளையின் கைக்கு எட்டும் இடத்தில். மொனோகுரோட்டோபொஸ் என்ற மருந்தை 1995இல் நம் நாட்டில் நிறுத்தியது, நஞ்சேறி அத்தனை பேர் செத்ததால்தான்.

மருந்து தேவையா என்று விவசாயப் போதனாசிரியரிடம் கன்றைக் காட்டிக் கேளுங்கள். அடித்தால் எத்தனை நாள் கழித்துக் காய் பறிக்கலாம் என்பதையும் கேளுங்கள். கன்றைச் சொப்பிங் பையில் இறுக்கிக் கட்டிக் கொண்டுபோங்கள். இல்லாவிட்டால் வழியெல்லாம் ஈ விதைத்துக்கொண்டு போகிற மாதிரி ஆகிவிடும்.