சமஷ்டி ஆட்சியும் சுடுகலன் சட்டங்களும்: நெவாடா மாநிலத்தின் அனுபவம்

“சமஷ்டி ஆட்சியில் அதிகாரம் மத்திய அரசுக்கும் மாநிலங்களுக்கும் இடையே அரசியலமைப்பினால் பகிரப்பட்டிருக்கும்.” இந்த வசனத்தை எழுதாத மாணவர் இல்லை. ஆனால் வினாவில் “உதாரணத்துடன் விளக்குக” என்று வந்தவுடன் பலருக்குப் பேனை நின்றுவிடுகிறது. அவ்விடத்தில் பயன்படுத்தக்கூடிய ஓர் உதாரணத்தை இங்கு படிப்போம்.

எமது நாட்டில் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் நாடு முழுவதற்கும் உரியது. ஐக்கிய அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கு சமஷ்டிச் சட்டம் ஒன்றும், அதற்கு மேலதிகமாக ஒவ்வொரு மாநிலத்தினதும் சட்டமும் உண்டு. ஆகவே ஒரே துப்பாக்கியை வாங்குவதற்கு ஒரு மாநிலத்தில் ஒரு நடைமுறை, அடுத்த மாநிலத்தில் வேறொரு நடைமுறை.

முதலில் சமஷ்டிச் சட்டத்தைப் பார்ப்போம். 1968ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சுடுகலன் வியாபாரம் செய்வோர் சமஷ்டி அனுமதிப்பத்திரம் பெற வேண்டும். பாரதூரமான குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர்கள் முதலிய சிலர் சுடுகலன் வைத்திருக்கவே முடியாது. 1993இல் நிறைவேறிய பிரேடி சட்டம், அனுமதிப்பத்திரம் பெற்ற விற்பனையாளர் வாங்குபவரின் பின்னணியைச் சோதித்த பின்பே விற்க வேண்டும் என்றது. (1981இல் ஜனாதிபதி ரீகன் மீதான கொலை முயற்சியில் படுகாயமடைந்த அவரது ஊடகச் செயலாளரே ஜேம்ஸ் பிரேடி.) இச்சோதனைக்கான தேசிய முறைமை 1998இல் எஃப்.பி.ஐ.யின் கீழ் இயங்கத் தொடங்கியது.

இங்கு ஒரு சொல்லைக் கவனியுங்கள்: “அனுமதிப்பத்திரம் பெற்ற விற்பனையாளர்”. வியாபாரி அல்லாத ஒருவர் தம்மிடமுள்ள துப்பாக்கியை அதே மாநிலத்தவர் ஒருவருக்கு விற்றால், பின்னணிச் சோதனை செய்யும்படி சமஷ்டிச் சட்டம் கேட்பதில்லை. அதற்காக “தனியார் விற்பனைக்குச் சட்டமே இல்லை” என்று எழுதிவிடாதீர்கள். வாங்குபவர் தடைசெய்யப்பட்டவர் என அறிந்துகொண்டு விற்பது குற்றமே. ஆனால் அறிந்துகொள்வதற்கான கட்டாய வழி அங்கில்லை. இந்த இடைவெளியையே சில மாநிலங்கள் தமது சட்டத்தால் நிரப்பின.

நெவாடா மாநிலம் 2016 நவம்பரில் இதனைச் சர்வசன வாக்கெடுப்புக்கு விட்டது. தனியார் விற்பனையும் அனுமதிப்பத்திரம் பெற்ற விற்பனையாளர் ஒருவர் ஊடாக, எஃப்.பி.ஐ.யின் சோதனையுடன் நடைபெற வேண்டும் என்பதே பிரேரணை. 10,000க்கும் குறைவான மேலதிக வாக்குகளால் அது வென்றது. லாஸ் வேகாஸ் நகரம் அமைந்துள்ள கிளார்க் மாவட்டம் மாத்திரமே பெரும்பான்மையாக ஆதரித்தது. ஏனைய பகுதிகள் எல்லாம் எதிர்த்தே வாக்களித்தன.

சட்டம் 2017 ஜனவரி முதலாந் திகதி நடைமுறைக்கு வர இருந்தது. அதற்கு முன்பே, டிசம்பரில், எஃப்.பி.ஐ. மறுத்துவிட்டது. நெவாடாவில் இச்சோதனைகளை ஏற்கனவே மாநிலத் திணைக்களமே செய்து வந்தது. தனியார் விற்பனைக்கு மட்டும் தான் செய்ய முடியாது, மாநிலச் சட்டம் தனக்குக் கடமை விதிக்க முடியாது என்பது அதன் நிலைப்பாடு. சட்டத்தை நடைமுறைப்படுத்த இயலாது என மாநிலச் சட்டமா அதிபரும் கருத்துத் தெரிவித்தார். மக்கள் வாக்களித்த சட்டம் ஏட்டில் இருந்தது, வேலை செய்யவில்லை.

இதன் மறுபக்கத்தை 1997இலேயே அமெரிக்க உயர் நீதிமன்றம் தீர்த்திருந்தது. பிரின்ட்ஸ் வழக்கில், பின்னணிச் சோதனையைச் செய்யுமாறு உள்ளூர்ப் பொலிஸ் அதிகாரிகளைச் சமஷ்டி அரசு கட்டாயப்படுத்த முடியாது என்று அது தீர்ப்பளித்தது. இரண்டையும் சேர்த்து எழுதுங்கள்: மத்தி மாநில அலுவலரை ஏவ முடியாது, மாநிலம் மத்திய நிறுவனத்தை ஏவ முடியாது. அதிகாரப் பகிர்வுக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் தேவையில்லை.

2019 பெப்ரவரியில் நெவாடா சட்டசபை புதிய சட்டம் இயற்றி, சோதனையை மாநிலத் திணைக்களத்திடமே ஒப்படைத்தது. அது 2020 ஜனவரி 2ஆந் திகதி நடைமுறைக்கு வந்தது. நெருங்கிய குடும்பத்தினரிடையேயான கைமாற்றத்துக்கு விதிவிலக்கு உண்டு. பெற்றோர், பிள்ளைகள், சகோதரர், பேரன் பேத்தி மட்டுமன்றி மாமா, அத்தை, மருமகன்கூடப் பட்டியலில் உள்ளனர். மச்சான் இல்லை! சட்டத்தில் “குடும்பம்” என்றால் சட்டம் சொல்லும் குடும்பமே.

பயிற்சி வினா (06 புள்ளிகள்)

நெவாடாவாசி ஒருவர் தமது துப்பாக்கியை (அ) உடன்பிறந்த தம்பிக்கு அன்பளிப்புச் செய்கிறார், (ஆ) அதே மாநில அயலவருக்கு விற்கிறார். 2015, 2018, 2021 ஆகிய ஆண்டுகளில் பின்னணிச் சோதனை நடைபெற்றாக வேண்டுமா? காரணம் தருக.

2015க்கு இரண்டும் “இல்லை”. 2021இல் தம்பிக்கு “இல்லை”, அயலவருக்கு “ஆம்”. தம்பிக்கு 2018இலும் “இல்லை”: 2016ஆம் ஆண்டுப் பிரேரணையிலும் குடும்ப விதிவிலக்கு இருந்தது. அயலவருக்கான 2018இலேயே புள்ளிகள் பறிபோகும். “ஆம்” என்று மட்டும் எழுதினால் அரைவாசி. சட்டம் கோரியது, ஆனால் சோதனை செய்ய எந்த நிறுவனமும் இருக்கவில்லை என்று எழுதினால் முழுப்புள்ளி.