பொற்றாளமும் என் மகளின் கையும்

இந்தப் பாடத்தை நான் செய்த ஒரு தவற்றிலிருந்து தொடங்குகிறேன். உங்களில் பலர் இன்னும் அப்பா அம்மா ஆகவில்லை. ஆனாலும் தம்பி தங்கைகளையும் சமய வகுப்புப் பிள்ளைகளையும் நிகழ்ச்சிகளுக்குக் கூட்டிப் போகிறவர்கள் நீங்கள்தானே?

நான் ரந்தாவ் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவன். எங்கள் காலத்தில் இசை என்றால் திருவிழாவில் உருமி மேளம், வெள்ளிக்கிழமை பஜனை, அவ்வளவுதான். முறையாகப் பாட்டுப் படிக்க எனக்கு ஆசை இருந்தது, வழி இல்லை. அந்த ஆசையை என் மகள் தலையில் ஏற்றி வைத்தேன்.

அவளுக்கு அப்போது 7 வயசு. சிறுவர்கள் பாடும் கர்நாடக இசை நிகழ்ச்சி ஒன்று கோலாலம்பூரில் நடந்தது. சிரம்பானிலிருந்து ரயிலில் கூட்டிட்டுப் போனேன். கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தவள், பிறகு நாற்காலிக் கையைத் தட்ட ஆரம்பித்தாள். முன்வரிசையில் ஒருவர் திரும்பிப் பார்த்தார். எனக்கு வெட்கமாகிவிட்டது. அவள் தொடையில் கிள்ளி, "சும்மா உட்காரு" என்றேன். அதற்குப் பிறகு அவள் மேடையைப் பார்க்கவே இல்லை.

திரும்பும்போது இன்னொரு தப்பும் செய்தேன். "அந்தப் பாப்பாவும் உன் வயசுதான். எப்படிப் பாடுது பாத்தியா?" என்றேன்.

"நான் விளையாடலப்பா. மிருதங்கம் அடிச்ச அண்ணன்கூடச் சேந்துதான் தட்டினேன்" என்றாள்.

உண்மைதான். கோயிலில் உருமிக்காரர் பக்கத்திலேயே நின்று வளர்ந்த பிள்ளை அவள். காது கேட்டதைக் கை செய்தது. சபையில் பெரியவர்கள் தொடையில் தாளம் போட்டால் ரசனை என்கிறோம். பிள்ளை போட்டால் மட்டும் குறும்பா?

அதன் பிறகு பல மாதம், கச்சேரி என்றாலே "நான் வரல" என்றாள். எங்கள் கோயில் தேவார வகுப்பு ஆசிரியையிடம் சொன்னேன். அவர் சம்பந்தர் கதையை நினைவுபடுத்தினார். சீர்காழிக்குப் பக்கத்தில் உள்ள திருக்கோலக்காவில் குழந்தை சம்பந்தர் கையால் தாளம் போட்டுப் பாடினார். அந்தப் பிஞ்சுக் கை நோகுமே என்று சிவபெருமான் பொற்றாளம் கொடுத்தார். அம்பாள் அதற்கு ஓசை கொடுத்தார். அதனால்தான் அங்கே அம்பாளுக்கு ஓசை கொடுத்த நாயகி என்று பெயர்.

"சாமி தாளம் கொடுத்தாரு. நீங்க கிள்ளிட்டீங்களே அண்ணே!" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. "தட்டுறத நிறுத்தாதீங்க. சத்தமில்லாம தட்டக் கத்துக் கொடுங்க" என்று அவரே வழியும் சொன்னார்.

நீங்களும் இதைச் செய்து பாருங்கள்.

1. ஆதி தாளம் பழக்குங்கள். மொத்தம் 8 எண்ணிக்கை. முதலில் ஒரு தட்டு, பிறகு சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல், இது 4. அடுத்து தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு, இது 4. மடியில் மெதுவாகப் போட்டால் பக்கத்து நாற்காலிக்குக்கூடக் கேட்காது.

2. போகும் முன் கதை சொல்லுங்கள். ரஷ்ய இசையமைப்பாளர் புரோகோபியேவ் 1936-இல் சிறுவர்களுக்காக 'பீட்டரும் ஓநாயும்' என்ற இசைக்கதையை அமைத்தார். அதில் பறவைக்குப் புல்லாங்குழல், பூனைக்குக் கிளாரினெட், ஓநாய்க்கு மூன்று ஹார்ன். கதையைத் தொடரும் பிள்ளை வாத்தியங்களையும் தெரிந்துகொள்கிறது. நாமும் எந்தத் தெய்வத்தின் பாட்டு, எது வயலின், எது தம்புரா என்று வீட்டிலேயே சொல்லி வைக்கலாம்.

3. வாசிப்பவரின் கை தெரியும் இடத்தில் உட்கார வையுங்கள். பிள்ளை களைத்துவிட்டால், ஒரு பாட்டு முடிந்ததும் எழுந்து வந்துவிடலாம். பாதிக் கச்சேரி கேட்டாலும் போதும்.

4. வீடு திரும்பும்போது யாரோடும் ஒப்பிடாதீர்கள். "உனக்கு எது பிடிச்சது?" என்று மட்டும் கேளுங்கள்.

ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து மகள் மறுபடி என்னோடு கச்சேரிக்கு வந்தாள். மடியில் தாளம் போட்டுக்கொண்டே கேட்டாள். ஒரு இடத்தில் நான் எண்ணிக்கை தவறினேன். அவள் என் விரலைப் பிடித்துச் சரிசெய்தாள். பாட்டு வகுப்புக்கு வரமாட்டாளாம், மிருதங்கம்தான் படிக்கணுமாம். நான் ஆசைப்பட்டது பாட்டு. இருந்தாலும் சரி என்றேன்.

சிந்திக்க: உங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை தாளம் தட்டினால் நீங்கள் என்ன செய்வீர்கள்? நம் ஆசைக்காக எந்தப் பிள்ளையையாவது மேடைக்குத் தள்ளுகிறோமா?