மருந்து தெளிக்கும் முன் ஒரு கிழங்கை வெட்டிப் பாருங்கள்

மாடித்தோட்டத்திலும் கொல்லையிலும் உருளைக்கிழங்கு போடுபவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. செடி கண்ணுக்குத் தெரியும், விளைச்சல் மண்ணுக்குள் இருக்கும். தோண்டும் நாளில் குறை தெரிந்ததும், பூச்சியோ பூஞ்சையோ என்று பயந்து மருந்துக் கடைக்கு ஓடுகிறோம். வீட்டு உருளையில் வரும் பல குறைகளுக்கு மருந்தே தேவையில்லை. தண்ணீர், வெயில், சூடு ஆகிய மூன்றையும் முதலில் விசாரிக்க வேண்டும்.

நம்பிக்கை: செடி தளதளவென்று வளர்ந்தால் கிழங்கும் நிறைய இறங்கும்.

உண்மை: தழைச்சத்து மிஞ்சினால் இலையும் தண்டும்தான் கொழுக்கும். அதைவிடப் பெரிய காரணம் இரவுச் சூடு. இரவு வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தால்தான் கிழங்கு நன்றாகப் பிடிக்கும். நீலகிரியும் கொடைக்கானலும் உருளைக்குப் பேர் பெற்றது இதனால்தான். சமவெளியில் ஐப்பசிக் கடைசியில் நட்டால், கிழங்கு பிடிக்கும் பருவம் மார்கழிக் குளிரில் அமையும். சித்திரையில் நட்ட செடிக்கு எந்த உரம் போட்டாலும் பலன் இருக்காது.

நம்பிக்கை: தோலில் சொறி வந்தால் சாம்பலும் முட்டை ஓடும் போட வேண்டும்.

உண்மை: இதனால் சொறி கூடவே வாய்ப்பு அதிகம். நகத்தால் சுரண்டினால் தக்கைபோல் உதிரும் இந்தச் சொறி, மண்ணில் வாழும் ஒருவகை பாக்டீரியாவால் வருவது. அதற்குக் காரத்தன்மையுள்ள மண் பிடிக்கும். சாம்பல், சுண்ணாம்பு, முட்டை ஓடு மூன்றுமே காரத்தைக் கூட்டுபவை. கிழங்கு பிடிக்கத் தொடங்கியதிலிருந்து நான்கைந்து வாரம் மண் காயாமல் பார்த்துக்கொள்வதே நல்ல தடுப்பு. சொறிக் கிழங்கைத் தோல் சீவிச் சமைக்கலாம். சொறிக்குப் பதில் தோலில் சிறு வெள்ளைப் பொரிகள் தெரிந்தால் நிலைமை நேரெதிர்: தண்ணீர் தேங்கியிருக்கிறது, வடிகாலைச் சரிசெய்யுங்கள்.

நம்பிக்கை: கிழங்கின் நடுவே ஓட்டை இருந்தால் புழு குடைந்திருக்கிறது.

உண்மை: ஓட்டைக்கு வெளியிலிருந்து வழி இருக்கிறதா என்று பாருங்கள். அந்துப்பூச்சியின் புழு பெரும்பாலும் கிழங்கின் கண் வழியாக நுழையும். போன பாதையில் கருநிற எச்சம் கிடக்கும். வழியும் எச்சமும் இல்லாமல், நடுவில் மட்டும் நட்சத்திரம்போல் வெடித்திருந்தால் அது நோயில்லை. சில நாள் காயவிட்டுப் பிறகு ஒரேயடியாகத் தண்ணீர் விட்டதால் கிழங்கு வேகமாகப் பருத்து உள்ளே பிளந்திருக்கிறது. அந்த இடத்தை வெட்டிவிட்டுச் சமைக்கலாம். அந்துப்பூச்சியைத் தடுக்க, கிழங்கு வெளியே தெரியாதபடி மண் அணைத்துவிட வேண்டும்.

நம்பிக்கை: செடி வாடினால் தண்ணீர் ஊற்றினால் போதும்.

உண்மை: மண் ஈரமாக இருந்தும் இலை பச்சையாகவே தொங்கினால், அடித்தண்டில் ஒரு துண்டு வெட்டி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர் எடுத்து, வெட்டுமுனை மட்டும் நனையும்படி அசையாமல் பிடியுங்கள். சில நிமிடங்களில் பால்போன்ற வெள்ளை இழை கீழே இறங்கினால் அது பாக்டீரியா வாடல் நோய். மருந்தால் அந்தச் செடியைக் காப்பாற்ற முடியாது. வேரும் மண்ணுமாக அகற்றிவிடுங்கள். அந்த இடத்தில் தக்காளி, கத்தரி, மிளகாய் எதுவும் உடனே வைக்காதீர்கள். இந்த நோய் அவற்றையும் தாக்கும்.

நம்பிக்கை: சமையலறையில் முளைவிட்ட கிழங்கே நல்ல விதை.

உண்மை: வாடல் நோயும் வைரஸ் நோய்களும் வீட்டுக்கு வரும் முக்கிய வழியே இதுதான். கிழங்கு வெளியே அழகாக இருந்தாலும் நோயைச் சுமந்திருக்கலாம். ஒட்டியிருக்கும் மண்ணிலும் ஆபத்து உண்டு. நீலகிரியில் 1961-இல் கண்டறியப்பட்ட முட்டைக்கூட்டு நூற்புழு, பயிரே இல்லாத மண்ணிலும் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். சான்று பெற்ற விதைக்கிழங்குக்குச் செலவழிப்பது வீண்போகாது.

நம்பிக்கை: பச்சை நிறக் கிழங்கு பிஞ்சு, நன்றாக வேகவைத்தால் சரியாகிவிடும்.

உண்மை: பிஞ்சுக்கும் இந்தப் பச்சைக்கும் தொடர்பில்லை. வெளிச்சம் பட்ட கிழங்கு பச்சையாகும். அந்தப் பச்சையம் கெடுதல் இல்லை. ஆனால் அதே வெளிச்சத்தில் சோலனைன் என்ற நச்சும் கூடுகிறது. வேகவைத்தால் அது போகாது. லேசாகப் பச்சை இருந்தால் அந்தப் பகுதியை ஆழமாகச் சீவி எடுத்துவிடலாம். பச்சை பரவியிருந்தாலோ கசந்தாலோ முழுக்கிழங்கையும் எறிந்துவிடுங்கள். பூ உதிர்ந்தபின் செடியில் தக்காளிப் பிஞ்சுபோல் காய்க்கும் காய்களும் நஞ்சுதான். குழந்தைகள் விளையாடும் வீடாக இருந்தால், அவை கண்ணில் பட்ட அன்றே கிள்ளி எறியுங்கள்.